பழைய காருக்குக் காவல்: மோதி பாக்கும் யாழ்ப்பாணமும்

குர்கான் ஆலையிலிருந்து வெளியே வரும் ஆல்ட்டோவுக்கு எத்தனை ஆயுள் என்பது, அது தில்லிக்குப் போகிறதா, கப்பலேறிக் கொழும்புக்குப் போகிறதா என்பதைப் பொறுத்த விஷயம். தில்லியில் பெட்ரோல் காருக்கு 15 வருடம், டீசல் காருக்கு 10 வருடம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015 ஆண்டுகளில் பிறப்பித்த உத்தரவுகளை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் வயது முடிந்த வண்டிகளுக்குப் பங்க்கில் எரிபொருளே ஊற்றக் கூடாது என்றார்கள். எதிர்ப்பு கிளம்பி, சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்ட் மாதம், வயதை மட்டும் காரணம் காட்டிக் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. இந்த இழுபறியில் தில்லிக்காரர் மனதில் ஒன்று மட்டும் ஆழப் பதிந்துவிட்டது: பத்து வயதான காருக்கு இனிமேல் பெரிதாகச் செலவு செய்யக் கூடாது.

இலங்கையில் நிலைமை தலைகீழ். 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பிப்ரவரி 1ஆம் தேதிதான். ஏறக்குறைய ஐந்து வருடம் புதிய வண்டியே வராத தீவில், ஓடிக்கொண்டிருந்த ஒவ்வொரு பழைய வண்டியும் சொத்தாகிவிட்டது. அதற்கு முன்பும் தீர்வைச் சுமையால் அங்கே கார் மலிவுப் பொருளாக இருந்ததில்லை. பத்து வருடம் ஓடிய ஆல்ட்டோவை யாழ்ப்பாணத்தில் விற்கும் காசுக்கு, தில்லியில் ஷோரூமிலிருந்து புதிய காரே எடுத்துவிடலாம்.

ஒரே ஆலையின் ஒரே கார்தான். ஆனால் அதற்குத் திருட்டுத் தடுப்பு அலாரம் மாட்டும் விதம் இரண்டு ஊரிலும் வேறு. இரண்டையும் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: பழைய காரைக் காப்பாற்றும் கலை யாழ்ப்பாணத்துக் கராஜில்தான் இருக்கிறது. தில்லி கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய.

மோதி பாக் ரிங் ரோட்டின் ஓரத்தில், ஆர்.கே. புரத்துக்கும் சாணக்யபுரிக்கும் நடுவே இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்பு. தமிழ்க் குடும்பங்களுக்குப் பழகிய பகுதி. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இங்கே உண்டு, மலை மந்திரும் கூப்பிடு தூரம்தான். மூத்த அதிகாரிகளுக்காக எழுந்த புதிய மோதி பாக்கை விட்டுவிடுங்கள். பழைய குவார்ட்டர்ஸ் வரிசைகள் கட்டப்பட்ட காலத்தில் குமாஸ்தா வீட்டில் கார் நிற்கும் என்று யாரும் நினைக்கவில்லை. அதனால் கார்களுக்குக் கூரை கிடையாது. வேப்ப மரத்தடியில், தெருவோரத்தில், இரவு முழுக்க வெளியில்தான் நிற்கின்றன. யார் வேண்டுமானாலும் பக்கத்தில் வந்து நிற்கலாம்.

அலாரம் மாட்ட வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்தில் நானக்புராவில் மோட்டார் மார்க்கெட் இருக்கிறது. கரோல் பாக், காஷ்மீரி கேட் அளவுக்குப் பெரியதல்ல. ஆனால் சீட் கவர், ஸ்டீரியோ, ரிமோட் லாக் எல்லாம் அங்கேயே வாங்கி அங்கேயே மாட்டிக்கொள்ளலாம். சில ஆயிரம் ரூபாயில் ஒரு அட்டைப்பெட்டி கைக்கு வரும். அதற்குள் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று, சைரன், அதிர்வு சென்சார், இரண்டு ரிமோட், சிவப்பாக மின்னும் சின்ன எல்.இ.டி. விளக்கு, வயர் கட்டு, ஒரு ரிலே.

எலக்ட்ரீஷியன் பையன் கைதேர்ந்தவன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் மூடியைக் கழற்றி, டெஸ்ட் லாம்ப்பின் ஊசியை ஒவ்வொரு வயராகக் குத்திப் பார்க்கிறான். சாவி போடாமலே விளக்கு எரிந்தால் அது பேட்டரியிலிருந்து நேராக வரும் லைன். சாவியைத் திருப்பினால் மட்டும் எரிந்தால் இக்னிஷன். இண்டிகேட்டர் இரண்டுக்கும் இரண்டு வயர், கதவு சுவிட்சுக்கு ஒன்று, உடம்பு இரும்பில் எர்த் ஒன்று. ஒவ்வொரு இடத்திலும் பழைய வயரின் தோலை பிளேடால் சீவி, புதிய வயரைச் சுற்றி முறுக்கி, கறுப்பு டேப்பை மூன்று சுற்றுச் சுற்றுகிறான். சால்டரிங் இரும்பு கடையில் இருக்கிறது, எடுப்பதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் ரிமோட்டை அழுத்திக் காட்டுகிறான். சைரன் மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கும்படி அலறுகிறது. காரின் சொந்தக்காரருக்குத் திருப்தி.

பெட்டியோடு வந்த ரிலே மட்டும் மேஜையிலேயே கிடக்கிறது. கேட்டால், "அது வேண்டாம் அங்கிள்ஜி, நடு ரோட்டில் வண்டி நின்றுவிட்டால் என்னைத்தான் திட்டுவீர்கள்" என்கிறான்.

என் பேச்சு முழுவதும் அந்த ரிலேயைப் பற்றித்தான். அலாரம் என்ற கருவி இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, கத்துவது. இன்னொன்று, கத்திய பிறகும் யாரும் வராவிட்டால் எஞ்சினைக் கிளம்ப விடாமல் பிடித்து வைப்பது. ரிலே இரண்டாவது வேலைக்கு. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் லைனையோ, பெட்ரோல் பம்ப் லைனையோ வெட்டி நடுவில் அதை வைத்தால், ரிமோட்டில் பூட்டியதும் அந்த லைன் துண்டிக்கப்படும். அதை மாட்டாத அலாரம் வெறும் மணி.

மோதி பாக் போன்ற இடத்தில் மணிக்கு என்ன மதிப்பு? மே, ஜூன் மாதங்களில் ஆந்தி எனும் புழுதிப் புயல் வீசி, வேப்பங்கிளை பானெட்டில் விழுந்தால் அடிக்கிறது. ரிட்ஜ் காட்டுப் பக்கமிருந்து வரும் குரங்கு கூரையில் குதித்தால் அடிக்கிறது. குளிர் காலத்தில் சூடு தேடி பானெட் மேல் பூனை ஏறினால் அடிக்கிறது. தீபாவளி இரவில் தெருவின் எல்லாக் கார்களும் சேர்ந்து அலறுகின்றன. புலி வருது, புலி வருது என்று எத்தனை முறைதான் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள்? உண்மையிலேயே கள்ளன் வரும் இரவில் ஒரு ஜன்னலும் திறப்பதில்லை. போதாததற்கு, மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆம் விதி, பல சுரத்தில் ஒலிக்கும் ஹாரனையும், காதைக் கிழிக்கும், கலவரப்படுத்தும் ஓசை எழுப்பும் எந்தக் கருவியையும் வண்டியில் பொருத்தக் கூடாது என்கிறது. சைரனை ஊருக்கே கேட்கும்படி பெரிதாக்கிக்கொண்டே போவது அந்த விதியின் நோக்கத்துக்கும் எதிரானது.

தில்லியில் கார் திருடுபவர்கள் சைரனுக்கு அஞ்சுபவர்களும் அல்ல. காருக்கு வெளியே நின்று, பானெட்டைத் தூக்கி, சைரன் வயரை அறுப்பது நொடி வேலை. ஆலையிலேயே பொருத்தி வரும் சாவிப் பாதுகாப்பைக்கூட, காரின் கணினிப் பெட்டியைக் கழற்றிவிட்டுத் தங்கள் கையோடு கொண்டு வந்ததை மாட்டித் தாண்டிவிடுகிறார்கள். காரணம் எளிது: முழுக் காருக்கும் அங்கே சந்தை இருக்கிறது. தில்லியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தூரத்தில், மீரட்டின் சோதிகஞ்ச் பல காலம் திருட்டு வண்டிகளைப் பிரித்து மேயும் இடமாகப் பேர் வாங்கியிருந்தது. 2021 டிசம்பரில் உத்தரப் பிரதேசப் போலீஸ் அந்தக் கடைகளை மூடியது. கடைகள் மூடினாலும் பழைய உதிரி பாகத்தின் தேவை மூடவில்லை. இடையில் மாருதி ஈக்கோ வேன்களின் சைலன்சரைக் கழற்றிப் போகும் கூட்டம் வேறு கிளம்பியது. உள்ளே இருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் உலோகங்களுக்காக. ஆக, பழைய கார் என்பதால் யாரும் தொட மாட்டார்கள் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. பாகங்களாகப் பிரித்து விற்பவனுக்கு, புதியதைவிடத் தெருவில் அதிகம் ஓடும் பழைய மாடல்தான் லாபம்.

இனி யாழ்ப்பாணம்.

அங்கே கார் தெருவில் உறங்குவதில்லை. மதில் சூழ்ந்த வளவுக்குள், கேற்றைப் பூட்டி, போர்ட்டிக்கோவின் கீழ் நிற்கும். கொழும்பில் அந்த வசதி எல்லோருக்கும் இல்லை. அங்கே நிறுத்திவைத்த ஜப்பான் கார்களின் பக்கக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போவது பிரபலமான களவு. பஞ்சிகாவத்தைக் கடைத்தெரு முழுக்க உதிரிப்பாகம்தான் என்பதால், காணாமல்போன கண்ணாடியை முதலில் அங்கே போய்த் தேடிப் பார்ப்பவர்கள் உண்டு. கண்ணாடியில் வாகன இலக்கத்தைச் செதுக்கி வைப்பது அதற்கு அவர்கள் கண்ட மருந்து. முழுக் காரைக் களவெடுத்தால் கடலைத் தாண்டிக் கொண்டுபோக முடியாது. தீவுக்குள்ளேயே இலக்கத்தை மாற்ற வேண்டும், அல்லது பிரித்து விற்க வேண்டும்.

ஆனாலும் யாழ்ப்பாணத்தார் தங்கள் காரைப் பார்க்கும் பார்வை களவு பயத்தால் மட்டும் வந்ததல்ல. 1990களின் முற்பகுதியில் போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் கிடைக்காமல், மொரிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் சில துளிப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் அது. காபரேட்டரை, வயரை, சுருளைத் தானே கழற்றிப் பூட்டாமல் அன்றைக்கு யாரும் கார் வைத்திருக்க முடியவில்லை. அந்தக் கைப்பழக்கம் ஒரு தலைமுறைக்குப் பிறகும் தங்கியிருக்கிறது. கார்க்காரர் கராஜுக்குப் போனால் சாவியைக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவதில்லை. கூடவே குந்தியிருந்து, எந்த வயர் எங்கே போகிறது என்று கேட்டு, கையில் லைட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

கொக்குவில் பக்கத்துக் கராஜ் ஒன்றில் ஆல்ட்டோவுக்கு அலாரம் பூட்டியதைப் பார்த்தேன். வயரிங் பாஸ் (மேஸ்திரியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) முதலில் தொட்டது சைரனை அல்ல. பின் சீட்டைத் தூக்கி, பெற்றோல் பம்புக்குப் போகும் வயரைத் தேடிப் பிடித்தார். அதை வெட்டி, இரண்டு நீள வயர்களை ஈயம் உருக்கி ஒட்டி, ஒட்டின இடத்தில் சுருங்கும் குழாயைச் செருகி லைட்டரால் சூடு காட்டினார். பிறகு அந்த இரண்டு நுனிகளையும் முன்பக்கம்வரை இழுத்து வந்து, சும்மா தொங்க விட்டார். சுவிச் எங்கே என்று கார்க்காரர் கேட்டார்.

"வயரை இழுத்து விட்டிருக்கிறன் அண்ணை. சுவிச்சை வீட்டுக்குப் போய் நீங்களே விரும்பின இடத்தில பூட்டுங்கோ. எனக்கும் தெரியக் கூடாது, கராஜில ஆருக்கும் தெரியக் கூடாது."

பதினைந்து வருடம் ஒரே தெருவில் தொழில் செய்கிற மனிதர், தன் மேலேயே சந்தேகம் வராதபடி வேலையை முடித்துக் கொடுக்கும் அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அதில் இருக்கும் தொழில்நுட்ப நியாயத்தையும் சொல்ல வேண்டும். பெட்டியோடு வரும் ரிலேயை வழக்கமாக 30, 87ஏ முனைகளில் பூட்டுவார்கள். மின்சாரம் கிடைத்தால்தான் அது லைனைத் துண்டிக்கும். மின்சாரம் இல்லாவிட்டால் லைன் சேர்ந்தே இருக்கும். அலாரப் பெட்டி கெட்டுப்போனாலும் வண்டி நடுவழியில் நிற்காமல் இருக்க இந்த ஏற்பாடு. ஆனால் கள்ளன் அலாரப் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டால் ரிலே செத்துப்போகும், எஞ்சின் விடுதலையாகிவிடும். லைனிலேயே நேராக வைத்த மறைவுச் சுவிட்சுக்கு இந்தக் குறை கிடையாது. அதற்கு மின்சாரமும் வேண்டாம், ரிமோட்டும் வேண்டாம். திறந்து கிடந்தால் திறந்து கிடக்கும். தில்லிக்காரர்கள் சோர் ஸ்விட்ச் என்று சொல்லி, பழைய மாருதி 800 காலத்தில் இதைத்தான் வைத்திருந்தார்கள். ரிமோட் வந்ததும் கைவிட்டார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. பெட்ரோல் பம்ப் லைனில் வைக்கும் சுவிட்ச் ஓட்டும்போது கால் பட்டோ, பை பட்டோ அணையக் கூடாது. ஓடும் வண்டி நின்றுபோகும். பம்ப் இழுக்கும் ஆம்பியரைத் தாங்கும் தரமான சுவிட்சாகவும் இருக்க வேண்டும், ஃபியூஸுக்கு அப்பால் இருக்க வேண்டும். பயமிருந்தால் ஸ்டார்ட்டரின் மெல்லிய தூண்டு வயரில் வைக்கலாம். ஓடும்போது அணைந்தாலும் ஒன்றும் ஆகாது. மாருதி 800இன் காபரேட்டர் மாடலில் மின்சாரப் பம்பே கிடையாது என்பதால் அதற்கு ஸ்டார்ட்டர் அல்லது இக்னிஷன் சுருள்தான் வழி. மொரிஸ் மைனர் வைத்திருப்பவர் இன்னும் ஒருபடி கவனமாக இருக்க வேண்டும். அக்காலத்துப் பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் நேர்முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். இன்றைய அலாரப் பெட்டியை யோசிக்காமல் அதில் கொடுத்தால் அந்த நொடியே கருகிப்போகும்.

டேப்புக்கும் ஈயத்துக்கும் உள்ள வித்தியாசம் முதல் கோடையிலேயே தெரிந்துவிடும். தில்லியில் 45 டிகிரி வெயிலில் மூடிய காருக்குள் டேப்பின் பசை உருகி வழிந்து, முறுக்கிய வயர் வெளியே தெரியும். யாழ்ப்பாணத்தில் உப்புக் காற்று பட்டுச் செம்பு பச்சை பூக்கும். பிறகு இண்டிகேட்டர் எரியாது, ஃபியூஸ் போகும், காரணமில்லாமல் இரவில் அலாரம் அடிக்கும். பழைய காரில் கதவுச் சுவிட்சும் துருப்பிடித்திருக்கும். கதவு மூடியிருந்தும் திறந்திருப்பதாகப் பெட்டி நினைத்துக்கொள்ளும். புதிய அலாரம் மாட்டும் முன் நாலு கதவுச் சுவிட்சையும் மாற்றுவது மிகச் சின்னச் செலவு. தில்லியில் அதைச் சொல்வார் குறைவு. பானெட்டுக்கு ஒரு முள் சுவிட்ச் வைப்பதையும் தில்லிக் கடைகள் தவிர்த்துவிடுகின்றன. பானெட் திறந்ததைக் காட்டிக்கொடுக்க அது ஒன்றுதான் இருக்கிறது.

தில்லித் தமிழர்களுக்கென்று ஒரு கணக்கு. அலாரப் பெட்டி தூங்கும்போதும் சுமார் 20 மில்லி ஆம்பியர் குடிக்கும் என்று வையுங்கள். நாளைக்கு அரை ஆம்பியர்-மணி. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறி ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பினால், ஆல்ட்டோவின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறக்குறைய 15 காலி. பேட்டரி ஏற்கெனவே பழசாக இருந்தால் அலாரமே ஊமையாகிவிடும். மாதக்கணக்கில் காரை விட்டுப் போகிறவருக்கு மறைவுச் சுவிட்ச் ஒன்றே துணை.

காகித வேலையில் தில்லி நல்ல நிலைமையில் இருக்கிறது, ஒப்புக்கொள்ள வேண்டும். 2015 முதல் வாகனத் திருட்டுக்குக் காவல் நிலையம் அலையாமல் இணையத்திலேயே முதல் தகவல் அறிக்கை பதியலாம். போலீசுக்கு உடனே சொல்லிவிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லத் தாமதமானால் அதை மட்டும் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. ஒப்புதல் பெற்ற கருவியைப் பொருத்தி, ஆட்டோமொபைல் சங்கத்தின் சான்றும் வாங்கினால், சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 விழுக்காடு தள்ளுபடி என்று 2002ஆம் ஆண்டு மோட்டார் கட்டண விதி சொன்னது, உச்ச வரம்பு 500 ரூபாய். ஆனால் இவையெல்லாம் முழுக் காப்பீடு எடுத்தவருக்குத்தான் முழுப் பயன் தரும். பத்து வயது காருக்கு நிறுவனம் போடும் மதிப்பு மிகக் குறைவு என்று அலுத்துப்போய், மூன்றாம் நபர் காப்பீட்டோடு நிறுத்திக்கொள்பவர்கள் மோதி பாக்கில் எத்தனையோ பேர். இலங்கையிலும் லீசிங் தவணை முடிந்ததும் மூன்றாந்தரப்புக் காப்புறுதிக்கு இறங்கிவிடுபவர்கள் உண்டு. அந்தக் காப்பீட்டில் திருட்டுக்கு ஒரு பைசாவும் வராது. கார் போனால் போனதுதான். அவர்களுக்கு அலாரம்தான் காப்பீடு, அதனால்தான் அது சரியாக மாட்டப்பட வேண்டும் என்று இத்தனை சொல்கிறேன்.

தில்லியில் 15 வருடம்தானே, அதற்கு இவ்வளவு பாடா என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மோதி பாக் தமிழர் பலரின் கார் தில்லியில் முடிவதில்லை. பணி ஓய்வு பெற்று ஊர் திரும்பும்போது தடையில்லாச் சான்று வாங்கி, திருச்சியிலோ திருநெல்வேலியிலோ மறுபதிவு செய்து, இன்னும் பல வருடம் ஓட்டுகிறார்கள். நானக்புராவில் டேப் சுற்றி மாட்டிய வயர் அந்த ஊர் மழையிலும் வெயிலிலும் தாங்க வேண்டும்.

அலாரம் மாட்டப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள். கடைக்குப் போய் நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். பெட்டியில் வந்த ரிலேயை மேஜையில் விட்டுவிட்டு வராதீர்கள். பானெட் சுவிட்சைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு இணைப்பையும் ஈயம் வைக்கச் சொல்லுங்கள். இன்னொரு மணி நேரமும் கொஞ்சம் கூடுதல் கூலியும் ஆகும், கொடுங்கள். எந்த வயரில் எதைச் சேர்த்தார் என்று ஒரு தாளில் எழுதி வாங்கி வீட்டில் வையுங்கள், காருக்குள் அல்ல. மறைவுச் சுவிட்சை மட்டும் வீட்டுக்கு வந்து உங்கள் கையால் பொருத்துங்கள்.